கிண்ணத்துத் தண்ணீர்

ஐம்பத்தெட்டாம் வருஷம் திருத்தங்கல் சபையில் உபதேசியாராக இருந்த நேசகுமாருக்கு மனப்பாடம் என்றால் உயிர். ஞானஸ்நானம் வேண்டும் என்று யார் வந்தாலும் பத்துக் கட்டளைகளையும் பிசகாமல் ஒப்பித்தாக வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டும் கருப்பம்மாள் மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் நீளமான நாலாம் கட்டளையில் திணறி நின்றாள்.

"போயிப் படிச்சிட்டு வாம்மா. இது என்ன வெளையாட்டா?" என்று அவர் சிடுசிடுத்து அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளுக்கே ஞானஸ்நானம். பிறந்து நாற்பது நாள்தான். போதகர் மூன்று முறை தலையில் தண்ணீர் வார்த்தும் குழந்தை கண் திறக்கவில்லை. வாயோரம் பால் வடியத் தூங்கியது. நேசகுமார் பூரித்துப்போனார்.

ஆராதனை முடிந்ததும் கருப்பம்மாள் வந்து, பசை காய்ந்த விரலால் குழந்தையின் பாதத்தைத் தொட்டாள்.

"ஐயா, பாப்பா எத்தனை கட்டளை சொல்லுச்சு?"

குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பச்சப்புள்ளைக்கு என்னம்மா தெரியும்? ஆண்டவர் சும்மா குடுக்காரு, அது வாங்கிக்கிருச்சு."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"எனக்கு நாலாவது இன்னும் வரலைய்யா. அடுத்த மாசம் வாரேன்" என்று கும்பிட்டுவிட்டு அவள் வாசலுக்கு நடந்தாள். அங்கே போதகர், கிண்ணத்தில் மிஞ்சிய தண்ணீரை வேப்பங்கன்றுக்கு ஊற்றக் குனிந்தார்.

"போதகரய்யா, கொட்டிராதீக!" என்று நேசகுமார் பிள்ளையும் கையுமாக ஓடினார். "இன்னும் ஒரு ஆளு இருக்கு."