தெரியாமல் நிற்கிற சுவர்

1

"பொட்டிய கட்டுன்னா கட்டணும். வெள்ளிக்கிழம நான் வர்றேன். அப்படியே என்கூட வீட்டுக்கு வர்ற. அவ்வளவுதான்."

"நான் வரலப்பா."

"கதவுல மாட்டியிருந்தத ரெண்டாவது தடவ பேத்து எடுத்திருக்கான். அடுத்து என்ன, கதவையே எடுத்துட்டுப் போவானா?"

"போனா போகட்டும், காத்தாவது வரும். என் ரூம்ல ஜன்னல் தெறக்காது."

"இது சிரிக்கிற விஷயமா ஓர்லி?"

"காலையில இருந்து அழுதுட்டுதான்பா இருந்தேன். நீங்க போன் பண்ண அப்புறம்தான் சிரிக்கிறேன். கெடுத்துடாதீங்க."

இந்தச் சண்டை என்னுடையது இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நான் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அண்டைவீட்டுக்காரர் கெர்ஷன் மகளோடு பேசுகிற போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, தன் பந்தலுக்குள் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். கனடாவில், தார்ன்ஹில்லில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் பின்பக்கம் இலையுதிர் காலத்தில் இப்படி ஒரு பந்தல் முளைக்கும். அந்த ஒரு வாரப் பண்டிகையில் யூதக் குடும்பத்தினர் சாப்பாட்டை வீட்டுக்குள் சாப்பிடமாட்டார்கள், பந்தலில்தான். எனக்கு இது பழகிப்போன விஷயம். வருடாவருடம் கெர்ஷனுக்கு ஏணி பிடிக்கிறவன் நான்தான்.

ஆக, கதை பிறந்தது ஒட்டுக்கேட்டதில். மிச்சத்தைப் பந்தல் பிரிக்கிற அன்று ஏணிமேல் நின்றுகொண்டு கெர்ஷன் சொன்னார். ஓர்லி தன் பங்கை அப்புறம் சொன்னாள். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோ. பேர மாத்திடு. சூப்பப் பத்தி மட்டும் தப்பா எழுதாத" என்றார் கெர்ஷன்.

(சூப் நன்றாக இருக்கும்.)

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

"மேப்பிள் இலைகள் சிவந்து கிடந்த ஒரு மாலைப்பொழுதில்..." அடித்துவிட்டேன். கனடாவில் இருந்து எழுதுகிற எல்லோருக்கும் இலை சிவந்துதான் கிடக்கிறது.

"யூத மக்களின் வரலாறு துயரம் நிறைந்தது என்பதை நாம் அனைவரும்..." இதையும் அடித்தேன். இப்படித் தொடங்கினால் ஓர்லி வரலாறாகிவிடுவாள். அவளோ பாலம் கட்டுகிற படிப்பில் இரண்டாம் வருடம் படிக்கிற, கணக்கில் கெட்டிக்காரியான, காலையில் எழுப்ப முடியாத பெண்.

"ஓர்லிக்குப் பசித்தது." இதுதான் நின்றது. ஏனென்றால் இந்தக் கதை முழுக்க ஒரே ஒரு சாப்பாட்டைப் பற்றியது.

பசிக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓர்லி படிக்கிற பல்கலைக்கழகம் எங்கள் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரம். பெயர் வேண்டாம். ஆய்வகத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு குழு. முதல் வாரம் அவளைச் சேர்த்துக்கொண்டவர்கள், கழுத்துச் சங்கிலியில் தொங்கிய யூத நட்சத்திரத்தைப் பார்த்த அடுத்த வாரம் "எங்க குழு ஏற்கெனவே நெறஞ்சிடுச்சு" என்றார்கள். மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் விடுதி அறை வாசல்நிலையில் அவள் பதித்திருந்த விரல் நீள உறை. உள்ளே சின்னத் தோல்சுருளில் வேத வரிகள் இருக்கும், எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் பார்க்கலாம். அதை யாரோ பெயர்த்து எடுத்தார்கள். புதிதாக ஒன்று வைத்தாள். அதையும் பெயர்த்து, அந்த இடத்தில் பேனாவால் ஒரு வார்த்தை எழுதினார்கள். அந்த வார்த்தையை அவள் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விடுதி அலுவலகம் மின்னஞ்சல் அனுப்பியது. ரொம்ப நல்ல மின்னஞ்சல். அதை யார் வாசலில் மாட்டுவது?

3

வெள்ளிக்கிழமை.

ஓர்லியும் இன்னும் இரண்டு யூத மாணவர்களும் விடுதியின் பின்பக்கம் சின்னதாக ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் விடுதியின் செங்கல் சுவர். மற்ற மூன்று பக்கமும் இரும்புக் குழாயில் இழுத்துக் கட்டிய துணி. மேலே தழை. மற்ற இருவரும் வாரக்கடைசிக்கு வீட்டுக்குப் போய்விட்டதால் அன்று ஓர்லி மட்டும்தான்.

கெர்ஷன் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சூரியன் மறைந்துவிட்டால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனிக்கிழமை இருட்டுகிறவரை கார் ஓட்டக்கூடாது. ஒன்றைக் கட்டக்கூடாது, பிரிந்ததைத் திரும்ப மாட்டக்கூடாது, கிழிந்ததை ஒட்டக்கூடாது. அடுத்தவரைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்வதும் கூடாது. கூட்டிப்போக வந்த அப்பா, இப்படி ஒரு நாள் முழுக்க அங்கேயே மாட்டிக்கொண்டார்.

இரண்டு பேரும் ஓர்லியின் அறையில் மாலைப் பிரார்த்தனையை முடித்துவிட்டு, தாமதமானால் இருக்கட்டும் என்று அம்மா கொடுத்துவிட்ட சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார்கள்.

பந்தலின் துணியை யாரோ கத்தியால் கிழித்திருந்தார்கள். இடது பக்கமும் முன்பக்கமும் துணியே இல்லை. வலது பக்கத்தில் செங்கல் சுவரை ஒட்டிய குழாயில் மட்டும், கட்டு அவிழாமல், ஒரு கையகலத் துணி விறைப்பாக நின்றது. மேஜை கவிழ்ந்து கிடந்தது.

ஓர்லி மேஜையை நிமிர்த்தினாள். பாத்திரத்தை அதன்மேல் வைத்தாள். சுற்றிவந்த வளாகக் காவலர் ஒருவர் பார்த்து, வருத்தப்பட்டு, எழுதிக்கொண்டு போனார்.

கெர்ஷன் கிழிந்த பக்கங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பந்தல் என்றால் அதற்குக் கணக்கு உண்டு. இரண்டு முழுச் சுவர், மூன்றாவதற்கு ஒரு கையகலம், அவ்வளவு இருந்தால் போதும், அது பந்தல்தான். இங்கே செங்கல் சுவர் ஒன்று. கையகலம் ஒன்று. ஒரு சுவர் குறைந்தது.

"இது இப்ப பந்தல் இல்ல. இதுல உக்காந்து ரொட்டி பிக்க முடியாது" என்றார். "ரெண்டு ஆப்பிள் இருக்கு, பழத்துக்குப் பந்தல் வேணாம். தின்னுட்டுப் படுக்கலாம்."

ஓர்லி மேஜையை விட்டு நகரவில்லை.

"சாப்பிடக்கூட விடமாட்டேங்கறாங்கம்மா. இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?"

பாத்திர மூடியின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"சரிப்பா. வர்றேன். நாளைக்கு இருட்டினதும் கெளம்பிடலாம்."

கெர்ஷன் ஏணிமேல் நின்று இதைச் சொல்லும்போது ஒரு தழையை உருவி என்னிடம் நீட்டினார். "நான் கேட்டதுதான அது. கெடைச்சதும் வேணாம்னு இருந்துச்சு" என்றார்.

4

இந்த இடத்தில் ஒரு பகுதி இருந்தது. துணியைக் கிழித்தவனைப் பற்றி எழுதிப் பார்த்தேன். "அவன் கத்தியை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று..." அதற்கு மேல் ஓடவில்லை. அவனா, அவளா, நாலு பேரா, இன்றுவரை தெரியாது. கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தெரியாத முகத்தை நான் எதற்கு வரையவேண்டும்? விட்டுவிட்டேன்.

அடுத்து பிரென்னா. ஓர்லியின் அறைத்தோழி. நியூஃபவுண்ட்லாந்துப் பெண், பெண்கள் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். என் முதல் பிரதியில் அவள் வந்து நின்று "ஒருத்திக்கு வந்தா எங்க எல்லாருக்கும் வந்த மாதிரி" என்று வசனம் பேசினாள். படித்துக் காட்டினேன். ஓர்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அங்கிள், அவ அப்படியெல்லாம் பேசமாட்டா. வந்ததும் என்ன கேட்டா தெரியுமா? 'சாப்பாடு இருக்கா'ன்னு கேட்டா."

ஆகவே அந்த வசனத்தை எடுத்துவிட்டேன். நீங்களும் மறந்துவிடுங்கள்.

5

"சாப்பாடு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பிரென்னா வந்தாள். பின்னாலேயே அணியிலிருந்து மூன்று பேர். பயிற்சி முடிந்து தலைகூடக் காயவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பிட வாருங்கள் என்று ஓர்லிதான் போன வாரமே கூப்பிட்டிருந்தாள். கூப்பிட்டதை மறந்தும் போயிருந்தாள்.

கிழிந்த துணியைப் பார்த்து நாலு பேரும் நின்றுவிட்டார்கள்.

"எந்த நாய்டி பண்ணுச்சு?"

"தெரியல."

"ஒரு நிமிஷம். பையில டேப் இருக்கு." பிரென்னா தோள்பையை இறக்கினாள். ஹாக்கி மட்டையில் சுற்றுகிற டேப், அதை வைத்து அவள் செருப்பிலிருந்து காதலன் காரின் கண்ணாடிவரை ஒட்டியிருக்கிறாள்.

"வேண்டாம்" என்றார் கெர்ஷன்.

"சார், ரெண்டு நிமிஷ வேல."

"வேண்டாம்மா. இன்னைக்கு ஒட்டக்கூடாது."

"ஏன்?"

"கூடாது."

ஓர்லிக்கு முகம் சுருங்கியது. அந்த வளாகத்தில் உதவிக்கு வந்ததே இந்த நாலு பேர்தான். அவர்களையும் அப்பா விரட்டிவிடுவார் போலிருந்தது. பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல், துணி இல்லாத இடது பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். குளிர் அப்படி.

கெர்ஷன் அவர்களைப் பார்த்தார். வலது பக்கத்துக் கையகலத்தைப் பார்த்தார். திரும்ப அவர்களைப் பார்த்தார்.

"உள்ள வரலாமா?" என்று பிரென்னா ஒரு காலைத் தூக்கினாள்.

"வராதீங்க. அங்கயே நில்லுங்க."

"அப்பா." ஓர்லி பல்லைக் கடித்தாள். "என் ஃப்ரெண்ட்ஸ்பா. குளிர்ல வெளிய நிக்க வெக்கறீங்க?"

கெர்ஷன் திரும்பி மேஜைப் பக்கம் போனார். திராட்சை ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே கண்ணால் மட்டும் செங்கல் சுவரை, கையகலத்தை, கடைசியாக அந்த நாலு பெண்களைக் காட்டினார்.

அப்போதுதான் ஓர்லிக்கு யூதப் பள்ளியின் ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்தது. ஆசிரியை கரும்பலகையில் குச்சி மனிதர்களை வரிசையாக வரைந்து பாடம் நடத்தினார். ஓய்வுநாளில் பந்தலின் சுவர் போய்விட்டால், மனிதர்கள் சுவராக நிற்கலாம். ஒரே நிபந்தனை. தாங்கள் சுவர் என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்து நின்றால் அது கட்டுகிற வேலையாகிவிடும். "நடுவுல அவங்களுக்குத் தெரிஞ்சுட்டா டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்டான். "சுவர் விழுந்துடும்" என்றார் ஆசிரியை.

(நான் கெர்ஷனிடம் மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். நிஜமாகவே அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. அது எதற்காக அப்படி இருக்கிறது என்று அவர் விளக்கினார், ஏணி ஆடியதில் பாதி புரியவில்லை.)

ஓர்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அங்கயே நில்லுங்கடி. தட்டு நான் எடுத்துத் தர்றேன்."

"காத்து மறைக்க எங்கள நிக்க வெச்சிருக்கியா நீ?"

கெர்ஷனுக்கு இருமல் வந்தது.

"ஆமா, காத்துக்குத்தான்" என்றாள் ஓர்லி. காற்று நின்றிருந்தது உண்மைதான்.

கெர்ஷன் கிண்ணத்தைத் தூக்கி ஆசி சொன்னார். வழக்கமாக இழுத்துப் பாடுகிறவர், அன்று ரயிலைப் பிடிக்கிறவர்போலப் பாடினார். கை கழுவினார்கள், ரொட்டியைப் பிட்டார்கள். ஓர்லி முதல் வாயை மென்றாள். அன்று காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

தட்டுகள் கை மாறின.

"இது என்னடி, நூடுல்ஸ்ல இனிப்பு போட்டிருக்கு? யார் கண்டுபிடிச்சது?"

"எங்கம்மா."

"உங்கம்மாவ நான் கல்யாணம் பண்ணிக்கட்டுமா?"

"வரிசையில நில்லும்மா" என்றார் கெர்ஷன். "எனக்கே இன்னும் சரியா பதில் சொல்லல."

கோழி பாதி ஆகியிருக்கும். ஓரத்தில் நின்ற பெண்ணுக்குப் போன் வந்தது. "எங்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்து போனாள். சுவரில் பெரிய ஓட்டை. கெர்ஷனின் கை ரொட்டியோடு பாதியில் நின்றது. ஓர்லி மூச்சை இழுத்துக்கொண்டாள். கூப்பிட முடியாது, காரணம் சொல்ல முடியாது.

பிரென்னா பேச்சை நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடைவெளி விழுந்த பக்கமாக இரண்டு அடி தானாக நகர்ந்தாள். முழங்கை விரிந்தது, கால் அகன்றது. ஓட்டை அடைபட்டுவிட்டது.

கோல்கீப்பர்.

கெர்ஷன் ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். எதற்கென்று பெண்களுக்குப் புரியவில்லை. அவர்களும் சிரித்தார்கள்.

சாப்பாடு முடித்து நன்றிப் பாட்டும் பாடியபின் "இப்ப வாங்க, உள்ள வாங்க" என்று அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கேக்கை வெட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்:

"அடுத்த வெள்ளிக்கிழமையும் பயிற்சி இருக்காம்மா?"

"எல்லா வெள்ளிக்கிழமையும் இருக்கு சார்."

"அப்ப முடிச்சுட்டு இவகூட சாப்பிடுங்க. இவ தனியா சாப்பிட்டா ஒழுங்கா சாப்பிடமாட்டா. இவங்கம்மா நெறைய குடுத்துவிடுவா."

ஓர்லி அப்பாவைப் பார்த்தாள். அவர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6

கெர்ஷன் தனியாகத் திரும்பி வந்தார். காலிப் பாத்திரங்களோடு.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். பந்தல் இருந்த இடத்துக்கு எதிரே இப்போது ஒரு விளக்கும் கேமராவும் இருக்கின்றன. ஆய்வகக் குழு அவளைத் திரும்பச் சேர்க்கவில்லை. ஆசிரியர் புதுக் குழு அமைத்துக் கொடுத்தார், அதில் ஓர்லிதான் தலைவி. வாசலில் மூன்றாவது உறை இருக்கிறது. பிரென்னா அதை ஹாக்கி டேப்பால் சுற்றிவிட்டிருக்கிறாள். பார்க்க நன்றாக இல்லை. பெயர்ப்பது கஷ்டம்.

ஒரு முடிவு எழுதினேன்: ஓர்லி பிரென்னாவிடம் நீ சுவராக நின்றாய் என்று சொல்கிறாள், இருவரும் கட்டிப்பிடித்து... வேண்டாம்.

இன்னொன்று: சொல்லவே இல்லை, வருடங்கள் ஓடின, ஒரு நாள்... அதுவும் வேண்டாம். நடக்காததை எழுதி ஓர்லியின் கையைக் கட்டிப்போட எனக்கு உரிமை இல்லை.

உண்மை என்னவென்றால் அவள் இன்னும் முடிவுசெய்யவில்லை. "சொல்லாத" என்கிறார் கெர்ஷன். "சொல்லிட்டா அடுத்த தடவ தேவப்பட்டா நிக்க முடியாது. தெரிஞ்சு போயிடும்ல." ஓர்லி வேறு மாதிரி நினைக்கிறாள். "எனக்காக இவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கா. அது அவளுக்கே தெரியாம இருக்கறது நியாயமாப்பா?"

தமிழில் எழுதுவதில் ஒரு வசதி, பிரென்னாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் தைரியமாக எழுதிவிட்டேன். தெரிந்தவர்கள் யாராவது இதை மொழிபெயர்ப்பதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். பிரென்னாவிடம் சொல்லலாமா, வேண்டாமா? ஏன் என்று ஒரு வரியாவது கீழே எழுதுங்கள். வந்ததை எல்லாம் ஓர்லிக்குப் படித்துக் காட்டுவதாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.