நடந்து போனதற்குக் கூலி

அத்தாவின் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை அவருடைய போனில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான் ஆசாத். கதவு பாதி சாத்தியிருந்தது. குளிப்பாட்டுவதற்கு வெந்நீர் கொண்டுவந்த பெனாசிர் வாளியோடு அந்த இடுக்கில் நின்றுவிட்டாள்.

திரை திறக்கவில்லை. அவன் அந்த விரலைத் தன் சட்டையில் துடைத்தான். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடுபறக்கத் தேய்த்தான். வாயருகே கொண்டுபோய் ஊதினான். மறுபடி வைத்தபோது வெளிச்சம் வந்தது. கையை மெல்ல இறக்கி, வேட்டியைச் சரிசெய்துவிட்டு, போனோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் சத்தமில்லாமல் பின்வாங்கினாள். தண்ணீர் தளும்பிக் காலில் விழுந்தது. சுட்டதா என்று பிறகுதான் யோசித்தாள்.

அத்தா நூர் முகம்மது விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்து, கைகால் கழுவ உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துபோனார். லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். பள்ளிவாசல் மைக்கில் சொல்லியாகிவிட்டது. மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம். மணி இன்னும் ஒன்பது ஆகவில்லை. அதற்குள் தம்பிக்குப் போன் வேண்டியிருக்கிறது.

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பேங்க்கில்தான் அத்தாவின் பென்ஷன் கணக்கு இருந்தது. பெனாசிர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது திறந்த கணக்கு. போன வருடம் அதை முடித்துவிட்டு வேறொரு பேங்க்குக்கு மாற்றினார். ஆறு மாதத்தில் அதையும் விட்டுவிட்டு இன்னொன்று. பிறகு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் ஆசாத் பைக்கில் வந்து கூட்டிப்போனான். அவன் தனியார் பேங்க் ஒன்றுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தான். இருவரும் வாசலில் நின்று தணிந்த குரலில் பேசுவார்கள். அவள் டீயோடு வந்தால் பேச்சு நின்றுவிடும்.

ஒருமுறை அவள் கேட்டே விட்டாள். "எதுக்கு அத்தா இப்பிடி மாத்தி மாத்தி அலையிறீக?"

"கணக்க அங்கன மாத்துனா ரெண்டாயிரம் தர்றாகம்மா."

"ரெண்டாயிரத்துக்கா முப்பது வருசத்துக் கணக்க முடிச்சீக? அவனுக்கு டார்கெட்டு இருக்கும், உங்கள இழுத்துட்டுப் போறான்."

அத்தா டீ டம்ளரோடு வாசலுக்குப் போய்விட்டார். அவர் பேசாமல் இருந்தால் மணிக்கணக்கில் இருப்பார். அவளும் அப்படித்தான். உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து அவள் திரும்பி வந்து ஏழு வருடமாகிறது. அந்த ஏழு வருடமும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் அதிகம் பேசாமல் இருந்தார்கள். ஓய்வு பெற்றபோது வந்ததில் மிச்சம் நாலு லட்சம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. "அது ஒனக்கு" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். தையல் மெஷினைத் தவிர அவளுக்கு இருந்தது அந்த வார்த்தைதான்.

வாளியை வாசலில் நின்ற ஆண்களிடம் கொடுத்துவிட்டு பீரோவைத் திறந்தாள். பாஸ்புக்குக்குள் அத்தாவின் ஏ.டி.எம். கார்டு இருந்தது. பின்பக்கத்து நம்பரை, மாடிப்படிக்கு அடியில் நின்று போட்டாள்.

"அக்கவுண்ட் ஹோல்டர் இறந்துட்டாக. இன்னைக்குக் காலையில."

"வருந்துகிறோம் மேடம். நீங்க அவங்களுக்கு?"

"மக. அந்தக் கணக்குலருந்து யாரும் பணம் எடுக்கக்கூடாது. இப்பவே."

கணக்கு எண், அத்தாவின் பிறந்த தேதி, அவருடைய அம்மா பெயர் கேட்டார்கள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாட்டு ஒலித்தது, நின்றது. "நிறுத்தி வச்சாச்சு மேடம். சர்டிபிகேட்டோட நாமினி பிராஞ்சுக்கு வரணும். வேறு ஏதாவது உதவி?"

"இல்ல."

கார்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்து பெண்களோடு பாயில் உட்கார்ந்தாள். யாரோ அவள் தோளைத் தடவினார்கள். அழுகை வரவில்லை. ஆசாத் செருப்பை மாட்டிக்கொண்டு அவசரமாக வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போ, என்று நினைத்தாள். போய்ப் பார்.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். கையில் வெள்ளைத்துணிப் பொட்டலமும் அத்தரும் ஊதுபத்தியும் இருந்தன. முகம் செத்திருந்தது. உள்ளறையில் சின்னம்மா அக்தர் பேகம் பாயை விரித்து, உடம்பைப் போர்த்தும் கபன் துணி வெட்டுவதற்குக் கத்தரியோடு காத்திருந்தாள்.

"என்னலே, மூஞ்சி இப்பிடி இருக்கு? துணி பத்தலையா?"

"துணியெல்லாம் இருக்கு சின்னம்மா. பணந்தான் போகல. அத்தா கணக்க நிறுத்திட்டாகன்னு வருது. நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

பெனாசிர் நிலைப்படியில் நின்றாள். "அத்தா கணக்குல ஒனக்கு என்ன வேல?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது. "கபன் அந்தக் காசுலதான் வாங்கணும்னு சொல்லிருந்தாகக்கா. அதுக்குத்தான் மூணு பேங்க் மாறுனாக. மாறுனதுக்கு மூணுலயும் குடுத்தது சேத்து ஐயாயிரத்து ஐந்நூறு. போன வாரந்தான் கடைசிப் பணம் ஏறுச்சு."

"பென்ஷன் காசு இல்லையா?"

"அதுல ஆகாத வட்டி கலந்துருக்குன்னு அவுகளுக்கு ஒரே உறுத்தல். வட்டிங்கிறது பணம் தூங்குறதுக்குக் குடுக்குறது, இது நான் அங்கனருந்து இங்கன நடந்து போனதுக்குக் குடுக்குறாக, கூலி மாதிரின்னாக. அதுவும் பேங்க் காசுதான அத்தான்னேன். பள்ளிவாசல் ஹஜரத்துட்ட வேணாக் கேப்பமான்னேன். கேட்டா வேணாம்னுருவாகலே, பேசாம வான்னுட்டாக."

சின்னம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "எங்கிட்டயும் மச்சான் சொன்னாக. கூலிக்காரனாவே போறேன் அக்தருன்னாக. நானும் வெளையாட்டுக்குன்னு விட்டுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் பெனாசிர்.

"நீ அழுவேன்னு. அவ இருக்குறப்ப மவுத்து, கபன்னு பேச்சு எடுக்காதன்னு எம் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாக." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பெரிய பணம் எங்கயும் போயிறாதுக்கா. நாமினி நீதான், நாந்தான் எழுதுனேன். அது பைய வரட்டும். இதுதான் இன்னைக்கு வேணும். கடைக்காரரு பெறகு குடுங்கன்னாரு. கடன்லயா கபன் வாங்குறதுன்னு என் சம்பளத்துலருந்து குடுத்துட்டேன். என் சம்பளமே பேங்க் காசு. எது வேணாம்னு ஓடுனாகளோ, அதுலயே..."

முடிக்காமல் சுவரைப் பார்த்து நின்றான்.

கார்டின் ஓரம் அவள் மார்பில் குத்திக்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடலாம். ஒரு வரிதான். சின்னம்மா கத்தரியை விரலில் மாட்டியபடி இரண்டு பேரையும் பார்த்தாள். வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, ஒங்கிட்டத் தையல்காசு கெடக்குமுல்ல?" என்றாள் சின்னம்மா. "பெத்த மக உக்காந்து தச்ச காசு. அதவிட என்ன வேணும் அந்த மனுசனுக்கு?"

பெனாசிர் போய் மெஷின் டிராயரைத் திறந்தாள். பத்தும் ஐம்பதுமாக இருந்த நோட்டுகளை எண்ணாமல் அள்ளிக்கொண்டு வந்து தம்பியின் கையில் வைத்தாள். அவன் அந்தக் கையை விடவில்லை. முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினான். நிலைப்படிக்கு வந்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "பொம்பளப்பிள்ளன்னா இப்பிடில்ல இருக்கணும்" என்று ஒருத்தி சொன்னது கேட்டது. கத்தரி துணிக்குள் இறங்கி ஓடியது.

மதியம் ஜனாஸாவைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றார்கள்.

நாலு மணிக்கு ஆசாத் கபர்ஸ்தானிலிருந்து திரும்பினான். முழங்கை வரைக்கும் செம்மண். அவள் கொல்லைத் தொட்டியிலிருந்து செம்பில் மொண்டு ஊற்ற, அவன் குனிந்து கையை நீட்டினான்.

"நாந்தான் குழிக்குள்ள எறங்குனேன். மொகத்த மேக்காலத் திருப்பி வச்சுட்டு, காதுல சொல்லிட்டுத்தான் மேல ஏறுனேன்க்கா. அக்கா காசு, சுத்தமான காசுன்னு."

அவள் ஊற்றினாள்.

"யாரு கணக்க நிறுத்துனான்னு இப்பத்தான் வெளங்குச்சு. காலையில லீவு சொல்ல ஆபீசுக்குப் போட்டப்ப எங்கூட வேல பாக்குற சுருளிதான் எடுத்தான். என் மேல கடுப்புல இருக்கான் அவன். ஒடனே அந்த பேங்க்குல இருக்குற அவன் மச்சினனுக்குப் போட்டுச் சொல்லிருக்கான். வேற யாருக்குத் தெரியும்? மய்யித்து வீட்டுல போயி வெளையாடிருக்கான் பாரு. நாளைக்கு ஆபீசுல இருக்கு அவனுக்கு."

பெனாசிர் வாயைத் திறந்தாள். தொட்டித் தண்ணீரில் மிதந்த வேப்பம்பூவை விரலால் ஒதுக்கினாள்.

"போதும்க்கா" என்றான்.

மண் எல்லாம் போய்விட்டிருந்தது. அவள் இன்னொரு செம்பு மொண்டாள்.