பிரிஜிட்டுக்கு விரித்த படுக்கை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. அகதியாக வந்து குடியேறிய தோர்ண்டன் ஹீத்தில் சிவமலரக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னது. “எழுதுறதெண்டால் எழுது, தம்பி. ஆனா என்னை அழவைச்சு எழுதாதை” என்றார். சரியென்று தலையாட்டிவிட்டு வந்து நான் எழுதிய முதல் வரி: ‘கொட்டும் பனியில் ஒரு பெண் அழுதபடி…’

சீ! அடித்துவிட்டேன்.

2

மறுபடியும். 1991 பெப்ரவரி முதலாம் திகதி, பின்னேரம். அக்கா குடியிருந்த வீட்டின் மேல் அறையில் பெர்னடெற் என்றொரு வெள்ளைக்காரி இருந்தாள். மாதா கோயிலை விட்டுவிட்டுப் பழைய தெய்வங்களைக் கும்பிடத் தொடங்கியவள். குளிர்காலம் முடியப்போகிறது, பிரிஜிட் என்ற தெய்வப்பெண் இன்று வீட்டுக்கு வருவாள் என்று சன்னலெல்லாம் மெழுகுதிரி ஏற்றினாள். கீழே, வாசலடி ஹீற்றருக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு படுக்கை விரித்தாள். அருகே ஒரு கோப்பை பால், ஒரு துண்டு பாண்.

“நீங்களும் வாங்கோ அக்கா. உங்கட ஆக்களையும் கூப்பிடலாம்.”

[ஆங்கிலத்தில்தான் சொன்னாள். என் கதைக்குள் வந்தால் எல்லாருக்கும் யாழ்ப்பாணத் தமிழ்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.]

அக்கா பாலைப் பார்த்தார், பாணைப் பார்த்தார், ஆளில்லாத படுக்கையைப் பார்த்தார். செத்தவர்களுக்குப் படையல் வைக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். அவருடைய கணவர் தியாகராஜா 1987இல், ஊரில் சண்டை நடந்த நாளில், கொக்குவிலில் மருந்து வாங்கச் சைக்கிளில் போனவர். இன்னும் திரும்பவில்லை.

“எங்கட ஆள் உயிரோட இருக்கிறார்! எடு உதெல்லாத்தையும்!” என்று கத்தினாராம்.

3

[முதல் பிரதியில் பெர்னடெற்றை ஒரு வேடிக்கைப் பைத்தியமாக எழுதியிருந்தேன். அக்கா விடவில்லை. “அவள் நல்ல பிள்ளை. மரியாதையா எழுது.”]

பெர்னடெற் பதறிப்போனாள். “ஐயோ, இது செத்தவைக்கில்லை அக்கா! வரப்போற ஆளுக்கு.”

வாசற்கதவைத் திறந்துவைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம்: உள்ளே வா, படுக்கை விரித்திருக்கிறது. அவள் பிரிஜிட்டைக் கூப்பிட்டாள். பிறகு விலகி அக்காவுக்கு இடம் விட்டாள்.

இங்கேதான் எனக்குப் பேனா ஓடவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அக்கா கணவரின் பெயரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவருடைய ஆயுசுக்குக் கூடாது. அகதி விசாரணையில் அதிகாரி கேட்டபோதுகூடக் கலியாணப் பதிவில் விரலை வைத்துக் காட்டியவர். இப்போது எப்படிச் சொல்வார்? சொல்லாமல் எப்படிக் கூப்பிடுவார்? பாவம், மனுசி வாசலில் நிற்கிறார்.

4

முடிவு ஒன்று: கூப்பிடுகிறார், ரெலிபோன் அடிக்கிறது, எடுத்தால் கணவர். சுத்தப் பொய்.

முடிவு இரண்டு: கதவைச் சாத்திவிட்டு… எனக்குக் கை வரவில்லை.

“உண்மையில என்ன செய்தனீங்கள் அக்கா?”

“நிண்டனான். ஹீற்றர் சூடெல்லாம் வெளியிலை போச்சுது. அவள் பாவம், கதவைச் சாத்தேல்லை.” பிறகு, தேத்தண்ணி ஆறுகிறது, குடி என்றார்.

ஆகவே முடிவு உங்களிடம். அந்தப் பெயர் அக்காவின் வாயால்தான் வரக்கூடாது. உங்களுக்கும் எனக்கும் தடையில்லை. அது இரண்டாம் பகுதியில் இருக்கிறது. கதவை நான் இன்னும் சாத்தவில்லை, அக்கா குளிரில் நிற்கிறார். மனதுக்குள் வாசித்துவிட்டுப் போகாதீர்கள். வாய்விட்டு ஒருதரம் கூப்பிடுங்கள்.