நாலு பச்சைக் கட்டங்கள்

இடது கையில் வெள்ளை உறை சுலபமாக ஏறிவிட்டது. வலது கைதான் மறுத்தது. சவப்பெட்டிக் கடையிலிருந்து வந்திருந்த ஆள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுப் பார்த்தார். நடுவிரல் பாதியிலேயே நின்றது. மேல் கணுவை ஒட்டிச் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு காய்ப்பு. பேனா அழுந்தி அழுந்தி வந்தது.

"விட்டுடுங்க," என்றார் சவுரிமுத்து. "ஒரு கைக்கு இருந்தா போதும்."

ஆள் தயங்கினார். பாக்க ஒரு மாதிரி இருக்கும் சார் என்றார். சவுரிமுத்து மகனின் வெறும் விரல்களைச் சுற்றி ஜெபமாலையைப் போட்டுவிட்டார். கை ஃப்ரீசர் பெட்டியின் குளிரில் கல்போல இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. நான்கு மணிக்குக் கல்லறைத் தோட்டம்.

ஜெபகுமாருக்கு முப்பத்தேழு வயது. வியாழக்கிழமை காலை ஆறரைக்கு, "கொஞ்சம் படுத்துக்கறேன், எட்டு மணிக்கு எழுப்பு" என்று மனைவி ஷீலாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தான். எட்டு மணிக்கு அவள் எழுப்பினாள். மாரடைப்பு, தூக்கத்திலேயே போயிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். வலி தெரிந்திருக்காது என்பதைச் சவுரிமுத்துவின் மனைவி செல்வமேரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் படம் வரைகிறவன். கைபேசியில் படிக்கிற சித்திரத்தொடர். பெருவிரலால் தள்ளத் தள்ளப் படம் மேலே போய்க்கொண்டே இருக்கும். ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு பகுதி வெளிவரும். 'ஆழிப்பட்டணம்' என்று பெயர். லட்சக்கணக்கான பேர் படிக்கிறார்கள் என்று ஷீலா ஒருமுறை சொன்னபோது சவுரிமுத்து தலையாட்டினார். அவர் ஒரு பகுதியைக்கூடப் படித்ததில்லை. முப்பத்தொரு வருஷம் பீச்சுக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டிய மோட்டார்மேன் அவர். வேலை என்றால் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போவது, கையெழுத்துப் போட்டு வண்டியை எடுப்பது, கையெழுத்துப் போட்டு விடுவது. மாடி அறையில் உட்கார்ந்தபடி ஒருவன் காலையிலிருந்து செய்வதற்கு அவரிடம் பெயர் இல்லை. போன மாசம் அவருடைய தங்கை பேத்தி கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அவன் வரமுடியாது என்றபோது, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டேவிட்டார், பொம்மை வரையறவனுக்குக்கூடவா லீவு கிடைக்காது என்று. அவன் சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

பத்து மணிக்கு ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். முதுகில் லேப்டாப் பை. பெட்டியின் தலைமாட்டில் நின்று, உறை போடாத அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு செல்வமேரியிடம், நான் ஸ்ம்ருதி, அஸ்தினாபுரத்துலருந்து வரேன், ஜெபா அண்ணா படத்துக்கெல்லாம் கலர் போடறது நான்தான் என்றாள். செல்வமேரிக்கு அந்தக் குரல் போனில் பழக்கம். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் எதற்கோ நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சவுரிமுத்துவுக்குத் தெரிந்தது. கடைசியில் ஷீலாவின் பக்கத்தில் போய்க் குந்தி மெதுவாகக் கேட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கான பகுதி பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. அண்ணாவின் டேப்லெட்டைத் திறந்தால் மிச்சத்தை எடுத்து முடித்துவிடலாம். தொடரை வெளியிடுகிற கம்பெனியில் கட்டாயம் இல்லை, அறிவிப்பு மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்றுதான் சொன்னார்கள். நான்தான் கேட்கிறேன்.

ஷீலா நிமிரவில்லை.

"அத யாரும் தொடக்கூடாது," என்றாள். "அதுதான் அவர எடுத்துகிச்சு. இன்னும் என்ன வேணுமாம் அதுக்கு?"

ஸ்ம்ருதி எழுந்து வாசல் பக்கம் போய்விட்டாள். மருமகள் சொன்னது சரி என்றுதான் சவுரிமுத்துவுக்கும் பட்டது. செத்தவனையும் வேலைக்குக் கூப்பிடுவார்களா?

பூசைக்கு வைக்க ஒரு போட்டோ வேண்டும் என்றார்கள். மேலே அவன் அறையில் கல்யாணப் படம் இருந்தது. எடுத்துவரச் சவுரிமுத்து மாடி ஏறினார்.

அறைக்குள் நின்று பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைவில்லை. வழக்கமாக வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுவதோடு சரி. கல்யாணப் படம் மேஜைக்கு மேலே மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், கூரையிலிருந்து மேஜைவரை, கிராஃப் தாள்களை ஒட்டிச் சேர்த்த ஒரு நீளமான தாள். கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பி, ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் ஒரு எண். கறுப்புக் கட்டங்களுக்கு நடுவே அங்கங்கே நாலே நாலு பச்சை. கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது.

இறங்கி வந்து படத்தைக் கொடுத்தார். பிறகு வாசலுக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"மேல செவுத்துல ஒட்டிக்கிறது என்னம்மா?"

அவள் கூட வந்தாள். ஒரு கட்டம் ஒரு வாரம் அங்கிள் என்றாள். உள்ளே இருக்கிற எண் அந்த வாரத்தில் வரைந்த படங்களின் எண்ணிக்கை. குறைந்தது அறுபது. சில வாரம் எழுபது, எழுபத்தைந்து. இந்த வாரத்தோடு இருநூற்று அறுபத்தெட்டாவது பகுதி. சவுரிமுத்து மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். பதினாறாயிரத்துக்கு மேலே வந்தது. தப்பாகப் பெருக்கிவிட்டோமோ என்று மறுபடி பெருக்கினார். அதேதான் வந்தது.

"பச்சை?"

"அது பிரேக் அங்கிள். அந்த வாரம் பகுதி கிடையாது."

முதல் பச்சை, மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட்ட வாரம். டாக்டர் மூன்று வாரம் சொன்னார், ஒன்றுதான் எடுத்தான். இரண்டாவது, மழைத்தண்ணீர் கீழ்த்தளத்தில் இடுப்பளவு நின்ற வாரம். மூன்றாவதற்கு அவள் காரணம் சொல்லவில்லை. கட்டத்தின் ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார். ஷீலாவுக்குக் கரு கலைந்த வாரம். நான்காவது பச்சையில் விரலை வைத்துவிட்டு அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இது உங்க ஆபரேஷன்."

பைபாஸ் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள். கண் விழிக்கும்போதெல்லாம் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். மடியில் டேப்லெட்கூட இல்லை. வேலை வெட்டி இல்லாதவன், அதனால் கூட இருக்கிறான் என்று அன்றைக்கு அவர் நினைத்துக்கொண்டார்.

"ஒரு வாரம் போடலேன்னா என்ன ஆவும்?"

படிக்கிறவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள் என்றாள். ஆபரேஷன் வாரத்துக்கு முன் ஆழிப்பட்டணம் பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருந்தது. பதினொன்றுக்கு இறங்கியது. திரும்ப மேலே வர ஐந்து மாசம் ஆனது. எடிட்டரே, இன்னொரு மாசம் ஓய்வு எடுங்க என்று சொல்லியும் கேட்கவில்லை.

"கல்யாணத்தப்போ பச்சை இல்லியே?"

"அதுக்கு முன்னாடி மூணு மாசமா தினம் ரெண்டு படம் அதிகமா வரைஞ்சு சேத்து வெச்சாரு அங்கிள். யாருக்கும் தெரியாது."

சவுரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரயில்வேயில் ஓய்வு என்பது யாரும் கொடுக்கும் சலுகை இல்லை, சட்டம். ஓட்டுகிறவன் கண் ஒரு நொடி சொருகினால் ஆயிரம் உயிர். அதனால் வாரம் தவறாமல் அவரை வீட்டுக்கு அனுப்பிப் படுக்கச் சொன்னார்கள். இவனைப் படுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வீட்டிலேயே இருந்த அவருக்கும் தோன்றவில்லை.

"ஒண்ணு காட்டு," என்றார்.

அவள் தன் லேப்டாப்பைத் திறந்தாள். கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். கடல் ஏறி வந்து கிண்டிவரை விழுங்கிவிட்டது. பரங்கிமலை இப்போது துறைமுகம். மிஞ்சிய ஜனங்கள் தாம்பரம் யார்டில் நிற்கிற பழைய மின்சார ரயில் பெட்டிகளில் குடியிருக்கிறார்கள். சொல்லிக்கொண்டே தள்ளியவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

யார்டு முழுக்க ஒரே படத்தில் இருந்தது. மேலேயிருந்து, விடிகிற வெளிச்சத்தில், பெட்டிகளின் ஜன்னல்களில் துணி காய்ந்தது. கூரைமேல் கீரை முளைத்திருந்தது. சவுரிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவருக்கே தெரியாமல் தப்புத் தேட ஆரம்பித்திருந்தார். எந்தத் தடம் எங்கே பிரிந்து எங்கே சேரும், எந்த சிக்னல் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும், ஷெட்டில் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளம் எத்தனை பெட்டி நீளம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு மேலே ஓடும் மின்கம்பியைப் பார்த்தார்.

அது நேராகப் போகவில்லை. ஒரு கம்பத்தில் இடப்பக்கம் விலகி, அடுத்ததில் வலப்பக்கம் விலகி, இப்படியும் அப்படியுமாகப் போயிற்று. நிஜத்திலும் அப்படித்தான் இருக்கும். ஒரே இடத்தில் உராய்ந்து உராய்ந்து வண்டியின் மேலிருக்கிற பட்டை தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டுவார்கள். தினமும் ரயிலில் போகிறவர்களில் லட்சத்தில் ஒருவன்கூட அண்ணாந்து பார்த்து அதைக் கண்டுகொண்டிருக்க மாட்டான். அங்கே நாற்பது, ஐம்பது கம்பங்கள் இருந்தன. ஒன்றில்கூட அவன் சோம்பல் படவில்லை.

இது அவனுக்கு யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை.

"இதுக்கு எத்தினி நேரம் ஆச்சு?"

"பதினோரு மணி நேரம் அங்கிள். படிக்கறவங்க ரெண்டு செகண்ட்ல தள்ளிட்டுப் போயிடுவாங்க. நானே கேட்டேன், எதுக்குண்ணா இவ்ளோன்னு. அங்க குடியிருக்கறவங்களுக்குத் தெரியும்ல, அப்படின்னாரு."

சவுரிமுத்து அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோயிலில் பெரிய பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகுமே, அப்படி இருந்தது அவருக்கு. கீழே ஜெபமாலை சொல்லும் சத்தம் ஏறி இறங்கி வந்தது. இந்த ஒரு படத்தைப்போல இந்த வீட்டின் கூரைக்குக் கீழே பதினாறாயிரம் வரையப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நாளும் மூன்று வேளை இந்த வாசலில் நின்று, சோறு ஆறுதுடா என்று கூப்பிட்டிருக்கிறார்.

கீழே இறங்கி ஷீலாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார். மாமனார் தரையில் உட்காருவதைப் பார்த்து அவள் சற்று நகர்ந்தாள்.

"நான் முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டுனேம்மா," என்றார். "அவன் வரைஞ்ச மாதிரி ஒரு நாள் ஓட்டினதில்ல."

ஷீலா அவரைப் பார்த்தாள். அவர் அறைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"செவுத்தப் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்."

"மூணாவது பச்சை வாரம் முழுக்க என் காலைப் பிடிச்சுவிட்டுகிட்டே உக்காந்திருந்தாரு. போய் வரைங்கன்னேன். போகல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெகுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூணைப் பிடித்து எழுந்து, வாசலில் நின்ற ஸ்ம்ருதியைத் தலையசைத்து அழைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக மாடி ஏறினாள்.

டேப்லெட்டை அவளே திறந்துகொடுத்தாள். நாற்பத்து நான்கு படங்கள் முழுதாக இருந்தன. மீதிப் பதினாறும் பென்சில் கோட்டு அளவில்தான். நான் வேணும்னா அண்ணா மாதிரியே கோடு போட்டு முடிக்கறேன் அக்கா, எனக்கு வரும் என்றாள் ஸ்ம்ருதி.

"வேணாம். அவர் முடிச்ச வரைக்கும் நீ கலர் போடு. மிச்சம் அவர் விட்ட மாதிரியே போகட்டும்."

நாலு மணிக்கு எடுத்தார்கள். சவுரிமுத்துவோடு வண்டி ஓட்டிய பழைய ஆட்கள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள், பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். முதல் பிடி மண்ணைப் போட்டபோது சவுரிமுத்து அழவில்லை. மற்றவர்கள் போட்டு முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். காத்தாட நடந்துவிட்டு வருகிறேன் என்று செல்வமேரியிடம் சொல்லிவிட்டு இறங்கினார். கால்கள் ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டன. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தார். ஆறு அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

பெஞ்சின் மறுமுனையில் மருந்துக்கடைச் சீருடையில் ஒரு பெண் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்க்க நினைக்கவில்லை. ஆனால் கடலின் நீலமும் ரயில் பெட்டிகளின் ஜன்னல்களும் கண்ணில் பட்டுவிட்டன. பெருவிரல் ஒரே வேகத்தில் தள்ளிக்கொண்டே போயிற்று. சவுரிமுத்து திரும்பித் தண்டவாளத்தைப் பார்த்தார்.

பீச் வண்டி வந்து நின்றது. அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே பாதி எழுந்தாள். அப்படியே நின்றாள். படத்தில் நிறமெல்லாம் போய்விட்டிருந்தது. வெள்ளையில் பென்சில் கோடுகள் மட்டும். அவள் மெல்ல மறுபடி உட்கார்ந்தாள்.

வண்டி ஹார்ன் அடித்துக் கிளம்பியது. பெட்டிகள் ஒவ்வொன்றாக அவர்களைத் தாண்டிப் போயின. கடைசிப் பெட்டியும் போன பிறகு நடைமேடையில் காற்று மட்டும் இருந்தது. பெருவிரல் கண்ணாடியின்மேல் அசையாமல் இருந்தது. பிறகு மேலே தள்ளாமல், கீழ்நோக்கி இழுத்து, ஒவ்வொரு படமாக நின்று நின்று, வந்த வழியே திரும்பிப் போகத் தொடங்கியது.