உத்தரவில்லாத ரத்தம்

சங்கு குளிக்கிற இனிகோவை, குடித்திருக்கிறான் என்று சொல்லிப் போலீஸ் பிடித்தது ஒரு தவக்காலத்து வெள்ளிக்கிழமையில். வருஷம் 1976. மதுவிலக்கு திரும்ப வந்திருந்த சமயம்.

இனிகோ குடிக்கிறவன் அல்ல. ஆனால் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். கொஞ்ச காலமாகவே அவன் முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கண்கள் எந்நேரமும் சிவந்திருந்தன. தலை கிறுகிறுத்து நடை தள்ளாடும். கடலுக்குள் இருக்கும்வரை ஒன்றுமில்லை. மேலே ஏறித் துவட்டியதும் உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, சொறிந்துகொண்டே குதிப்பான். அன்றைக்கும் கரையில் அப்படிக் குதித்துக்கொண்டிருந்தபோதுதான் சப்-இன்ஸ்பெக்டர் வெள்ளத்துரை அந்தப் பக்கம் வந்தார்.

"ஊதுலே."

இனிகோ ஊதினான். கூட இருந்த கான்ஸ்டபிள் மோந்து பார்த்துவிட்டு, "வாடையே இல்லையேய்யா" என்றார்.

"அதாம்வே சந்தேகமா இருக்கு. வாடை இல்லாத சரக்கு ஒண்ணு புதுசா எறங்கியிருக்கு. இவன்தான் கொண்டாந்திருக்கான். ஏத்து வண்டியில."

இனிகோவின் மனைவி ஹில்டா ஜாமீனுக்கு அலைந்து அவனை வெளியே கொண்டுவந்து, நேரே டாக்டர் பிலோமினாவிடம் கூட்டிப்போனாள். டாக்டர் அதே தெருவில் பிறந்தவர்; சின்ன ஆஸ்பத்திரி ஒன்று நடத்திவந்தார். சோதனைக்காக ரத்தம் எடுத்தால், அது கருப்பட்டிப் பாகு மாதிரி மெதுவாக இறங்கியது. இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையையும் எடுத்துப் பார்த்தார்.

"இவனுக்கு ரத்தம் கூடிப்போச்சு ஹில்டா."

"கூடுனா நல்லதுதானே டாக்டரம்மா?"

"கெட்டியாயிரும்ளா. மூளைக்குப் போற குழாயில அடைச்சா அங்கனயே விழுந்திருவான். அப்பப்ப ஒரு பாட்டில் எடுத்துக் கீழ ஊத்தணும்."

எடுத்தார்கள். தலைவலி போனது, முகம் மாப்பிள்ளை முகம்போலத் தெளிந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. கோர்ட்டில் இனிகோ பளிச்சென்று வந்து நிற்கவும் வெள்ளத்துரை கொதித்துப்போனார்.

"ஐயா, அன்னைக்கு இவன் செக்கச்செவேல்னு இருந்தான். ரத்தத்தை எடுத்துச் சாட்சியத்தை அழிச்சிட்டாங்க!"

டாக்டர் பிலோமினா கூண்டில் ஏறி விளக்கினார். எலும்புக்குள்ளே ரத்த அணுக்கள் பிறக்கின்றன. 'பிழைத்திரு' என்று சிறுநீரகத்திலிருந்து அவற்றுக்கு ஒரு உத்தரவு வரவேண்டும். வந்தால் வளரும், வராவிட்டால் தாமாகவே செத்துப்போகும். அப்படிச் சாவதால்தான் ரத்தம் அளவோடு இருக்கிறது. இனிகோவின் அணுக்கள் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அதாவது, உத்தரவில்லாமல் உயிரோடு இருக்கின்றன?"

"ஆமாம்."

"அதுவே ஒரு குற்றம்தானே, கனம் நீதிபதி அவர்களே?" என்று அரசு வக்கீல் எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். ஆனால் அவருக்கும் சந்தேகம் தீரவில்லை. குடிக்காத மனிதன் அவ்வளவு சிவப்பானா என்று கோர்ட் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்த வாய்தாவரை ரத்தம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னது எடுபடவில்லை.

மறுவாரமே டாக்டர் ஊசியோடு வீட்டுக்கு வந்தார். "கோர்ட்டு கெடக்கு. கையை நீட்டுலே."

இனிகோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "சிவப்பா வரச் சொல்லியிருக்கு. சிவப்பாத்தான் போவேன். நான் ஜெயிலுக்குப் போயிட்டா ஹில்டாவுக்கு ஆரு இருக்கா?"

ஒருநாள் காலையில் காப்பி டம்ளர் அவன் இடது கையிலிருந்து நழுவியது. விரல்கள் மடங்கவில்லை. மத்தியானம் தானாகவே சரியானது. அதுவரை ஹில்டா அந்தக் கையை மடியில் வைத்துத் தேய்த்தபடி, கோர்ட்டையும் மாதாவையும் மாறி மாறித் திட்டினாள்.

வாய்தா அன்று இனிகோ நாவல்பழ நிறத்தில் வந்து நின்றான். கோர்ட்டே எழுந்து பார்த்தது. வெள்ளத்துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூச்சு வாங்க வாங்கக் கூண்டில் ஏறினார். "பாருங்கய்யா, இந்த நெறம்தான், இதே..." என்று கையைத் தூக்கியவர் அப்படியே சரிந்தார்.

"இவரும் குடித்திருக்கிறாரா?" என்றார் நீதிபதி.

டாக்டர் ஓடிப்போய் வெள்ளத்துரையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "இந்த ஆளு உடம்புல ரத்தமே இல்ல!"

நீதிபதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நிறம் சாட்சி ஆகாது என்று சொல்லி அவசர அவசரமாக இனிகோவை விடுதலை செய்தார். கோர்ட் வராந்தா பெஞ்சிலேயே அவனைப் படுக்கவைத்து டாக்டர் ரத்தம் எடுத்தார். பாட்டிலைப் பிடித்துக்கொண்டது அவனைப் பிடித்த அதே கான்ஸ்டபிள்.

வெள்ளத்துரையின் எலும்பு காலியாக இருக்கும் என்றுதான் டாக்டர் நினைத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி குத்திப் பார்த்தால் மஜ்ஜை நிறைய அணுக்கள், சந்தைக் கூட்டம்.

"உங்களுக்கு உத்தரவு ஏகப்பட்டது வருது" என்றார் அவரிடம். "அணுக்களும் பொறக்குது. வெளிய வாரதுக்குள்ள உள்ளயே செத்துப்போகுது. இப்படித் தானாச் சாகுறதப் பத்தி இப்பத்தான் எழுத ஆரம்பிச்சிருக்காங்க. ஏன்னு யாருக்கும் முழுசாத் தெரியாது. மாசாமாசம் அடுத்தவங்க ரத்தம் ஏத்தணும்."

பக்கத்துக் கட்டிலில் அடுத்த பாட்டில் ரத்தம் இறக்கிக்கொண்டிருந்த இனிகோ தலையைத் தூக்கினான். "இந்தா, என் பாட்டிலு இருக்கே. எனக்குக் கூடுதலு, அவருக்குக் கொறச்சலு. இங்கன இருந்து அங்கன மாத்துங்க."

"கூடாது. சாகத் தெரியாத அணு அவருக்குள்ள போயி என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது."

"எனக்குச் சாகாத அணுதானே டாக்டர் வேணும்?" என்று வெள்ளத்துரை கெஞ்சினார். அதிகாரம் இல்லாத அவர் குரலை இனிகோ அன்றுதான் கேட்டான். டாக்டர் அசையவில்லை.

மறுநாள் இனிகோ கடற்கரைக்குப் போய் சங்கு குளிக்கிறவர்களைத் திரட்டிக்கொண்டு வந்தான். பாதிப்பேர் வெள்ளத்துரை கேஸ் போட்டவர்கள். "நம்ம ரத்தம் ஓடுனா நம்மள அடிக்க மாட்டாருலே" என்று சொல்லித்தான் கூட்டிவந்தான். அவர்கள் வரிசையாக நிற்க, வெள்ளத்துரை படுக்கையில் இருந்தபடியே ஒவ்வொருவரையும், "ஊது" என்றார். ரோச் என்பவன் ஊதியதும் முகத்தைச் சுளித்தார்.

"இவன் ரத்தம் வேண்டாம். ஏத்துனா என்னைய நானே அரெஸ்ட் பண்ணணும்."

ரோச்சுக்கு அவமானமாகப் போய்விட்டது. விறுவிறுவென்று வெளியேறினான். மற்றவர்கள் மாதாமாதம் வந்தார்கள். வெள்ளத்துரையும் அதில் ஒன்றரை வருஷம் ஓட்டினார். உத்தியோகத்துக்குத் திரும்பவில்லை. இனிகோவும் அவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு இறங்க, ஒருவருக்கு ஏற, சீட்டு விளையாடினார்கள். பிறகு ஒரு காய்ச்சல் வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் ரோச் ஆஸ்பத்திரிக்கு வந்தான். குளித்து, தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கட்டிலில் படுத்துக் கையை நீட்டினான்.

"அவருதான் போயிட்டாரே ரோச்" என்றார் டாக்டர்.

"தெரியும் டாக்டரம்மா. அவருக்குன்னு இத்தன நாளாக் குடிக்காம இருந்து சேத்தது. ஆருக்காவது ஆவும், எடுங்க."