மூடிய உறை

…அந்த ‘இணையத் துச்சாதனன்’ என்ற வரியை வாதத்தில் முதலில் வைப்பதா, கடைசியில் வைப்பதா, முதலில் வைத்தால் நீதிபதி டீ குடித்த தெம்பில் கேட்பார், கடைசியில் வைத்தால் தீர்ப்பிலேயே ஏறினாலும் ஏறும், மனைவிகூட நேற்று கேட்டுவிட்டு “நல்லாத்தான் இருக்கு, நடுவுல மூச்சு விட்டுக்கோங்க” என்றாள்… அரசு வக்கீல் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். சட்டம் புதுசு, கடுமையானது, அனுமதியில்லாமல் ஒருத்தியின் அந்தரங்கப் படத்தை இன்னொருவருக்குக் காட்டினாலே சிறை. ஆனால் காட்டினான் என்று நிரூபிக்க நாமும் காட்டித் தொலைக்க வேண்டியிருக்கிறதே, நகல் பிரிவில் வழக்கம்போல் ஆளுக்கொரு செட் போட்டுவிட்டார்கள், நீதிபதிக்கு, எதிர்த்தரப்புக்கு, காவல் நிலையத்துக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று… எதற்கு இருக்கட்டும்? அந்தப் படுபாவிகூட இத்தனை நேர்த்தியாகப் பின் அடித்து அனுப்பவில்லை.

கதவைச் சாத்தியாயிற்று. கூண்டில் மருந்துக்கடைப் பெண், எதிரே அவளுடைய பழைய காதலன், சலவைச் சட்டையும் சாதுப் பார்வையுமாக, கடை வாடிக்கையாளர்களின் வாட்ஸப் குழுவில் படங்களைப் போட்டவன் இவன்தான் என்றால் பெற்ற தாய்கூட நம்பமாட்டாள். படங்கள் இருந்த உறையைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீலின் குரலில் தேன் வழிந்தது. “இதுல முகமே சரியாத் தெரியலையேம்மா. நீங்கதானான்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடலாம், யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க.” அட, எவ்வளவு அழகான வாசல், ‘இல்லை’ என்றால் மானம் தப்பும், கூடவே அவனும் தப்புவான், சொல்லிவிடுவாளோ, நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்… ஆட்சேபிக்க வேண்டும், எழுந்திருக்க வேண்டும்…

அவள் அவசரப்படவில்லை. டாக்டரின் கோழிக்கிறுக்கலைப் படிக்கிற கண்ணோடு படத்தைப் பார்த்தாள்.

“நான்தான் சார்.”

“முகம்…”

“முகம் இல்லாட்டி என்ன? என் தோள் எனக்குத் தெரியாதா? அடுத்ததைக் கேளுங்க.”

அடுத்தது. நான்தான். அதற்கடுத்தது. நான்தான். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, எங்கிருந்து வருகிறது இந்தக் குரல், சாகரம் போல, இல்லை, உவமையே வேண்டாம், உவமை சொல்லிச் சொல்லித்தான் நான் பாழாய்ப் போனேன்… எதிர்த்தரப்பு வக்கீலின் தேன் எப்போதோ வற்றிவிட்டது, நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார், சாதுப் பையன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், அத்தனை பேரும் உடுத்திப் போர்த்தி உட்கார்ந்திருக்க, அந்த அறையில் நிமிர்ந்திருந்த தலை ஒன்றே ஒன்றுதான். அரசு வக்கீலுக்குக் கை கூப்பத் தோன்றியது. கையை அங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“அரசுத் தரப்பில் மறுவிசாரணை உண்டா?” என்றார் நீதிபதி. இல்லை என்று தலையசைத்தார். அவள் இறங்கிவந்து அவர் மேஜையருகே நின்றாள்.

“சார், கேஸ் முடிஞ்சப்புறம் இதெல்லாம் யார்கிட்ட இருக்கும்?”

அட, இது… ஒரு வருஷமாக இந்தக் கட்டைச் சுமக்கிறேன், இதை நான் யாரிடமும் கேட்டதில்லையே… சட்டத்தில் எங்காவது சொல்லியிருக்கும், சொல்லாமலா இருக்கும், எந்தப் பிரிவு…

அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.