சேதுலட்சுமியின் படமெஷின்

கூத்தையா இறந்த எட்டாவது மாதம், திருவாடானையில் அவர் நடத்திவந்த டூரிங் டாக்கீஸைப் பிரித்தார்கள். சுற்றுப்பட்டில் கட்டடத் தியேட்டர்கள் வந்துவிட்டன; ஓலைக் கொட்டகைக்குக் கூட்டம் குறைந்துபோயிற்று. பெஞ்சுகள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயின. மிஞ்சியது புரொஜக்டரும் அதை ஓட்டும் ஆயில் என்ஜினும்.

கூத்தையாவின் மனைவி சேதுலட்சுமி மூன்று தியேட்டர்களில் கேட்டுப் பார்த்தாள். ரங்கூனிலிருந்து வந்த அந்தப் பழைய மெஷின் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பழைய இரும்பு வாங்கும் பாக்கர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"உடைச்சு எடுத்தாத்தான் எனக்குப் பிரயோசனம்க்கா. உங்களுக்கு மனசு வருமா?"

அவளுக்கு வரவில்லை.

அன்று அவளுக்கு ஒரு மனிதனின் ஞாபகம் வந்தது. மூன்று வருடங்களுக்கு முன், அவள் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது கையைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து கேட்டவன். துண்டு விலகியபோது மழுங்கிய விரல்களைப் பார்த்துவிட்டாள். பாதிக் கொட்டகை காலியாகக் கிடந்தும், "இடமில்ல" என்றாள். அவன் போய்க் கொட்டகைக்கு வெளியே, பின்பக்கமாக உட்கார்ந்தான். படம் முடியும்வரை அங்கேயே இருந்ததை அவள் பார்த்தாள். கூத்தையாவிடம்கூட அதைச் சொன்னதில்லை.

காரங்காட்டுக்குப் போகும் வழியில், கடலோரத்தில் ஒரு தொழுநோய் இல்லம் இருந்தது. மறுநாளே போய் அங்கிருந்த டாக்டர் நாகநாதனைப் பார்த்து, மெஷினை இல்லத்துக்கே தருவதாகச் சொன்னாள். அவர் மகிழ்ந்துபோனார். "ஆனா ஓட்ட ஆள் வேணுமேம்மா?"

கொட்டகையில் மெஷின் ஓட்டிய ஆபரேட்டர் பால்சாமியைக் கேட்டாள். "எங்க கூப்பிட்டாலும் வாரேன்க்கா, அங்கன மட்டும் கூப்பிடாதீக" என்றான். பால்சாமி காய்ச்சலில் கிடந்த நாட்களில் மெஷினை ஓட்டியவள் அவள்தான். தானே போவதென்று முடிவு செய்தாள்.

மெஷினையும் என்ஜினையும் ஏற்றிவந்த வண்டிக்காரர் முனியசாமி இல்லத்தின் வாசலோடு மாட்டை நிறுத்திக்கொண்டார். உள்ளேயிருந்து ஆறேழு பேர் வந்து மெஷினைத் தூக்கிப் போனார்கள். என்ஜினைப் பற்றித் தெரிந்த ஒருவர் இருப்பதாகச் சொல்லி, டாக்டர் ஓர் ஆளை அழைத்துவந்தார். பெயர் மலையாண்டி. முன்பு கடலாடிப் பக்கம் பம்புசெட் ஓட்டியவன். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும்தான்.

டாக்டர் நகர்ந்ததும் அவளே சொன்னாள். "அன்னைக்குக் கொட்டகையில இடம் இருந்துச்சுண்ணே. நாந்தான் இல்லைன்னேன்."

"தெரியும் தாயி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் கேட்டுச்சு" என்றான் மலையாண்டி. "சண்டை வந்தப்பத்தான் யாரு யாரை அடிக்கிறாகன்னு தெரியல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மலையாண்டி அவளிடம் வேகமாகக் கற்றுக்கொண்டான். பிலிமைப் பல்சக்கரத்தில் கோர்ப்பது, அறுந்தால் ஒட்டுவது எல்லாம் இரண்டே நாளில் பிடிபட்டன. மூன்றாம் நாள், மெஷினுக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்துகொண்டிருக்கும்போது விளக்குக் கூட்டின் இரும்புக் கதவில் கை வைத்துக்கொண்டு அவளிடம் ஏதோ சந்தேகம் கேட்டான். கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தான். கருகும் வாடை வந்த பிறகுதான் சேதுலட்சுமி பார்த்தாள். தாவிப்போய் அவன் கையைப் பற்றி இழுத்தாள். உள்ளங்கை வெந்திருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் விரல்களையே பார்த்தான்.

டாக்டர் கட்டுப்போட்டபோது, "எனக்கு ஏலாது தாயி. சூடு தெரியாத கையி. வேற ஆளைப் பாருங்க" என்றான்.

"மெஷினைக் கைக்குத் தக்கன மாத்துவோம்" என்றாள் அவள்.

இல்லத்திலேயே இருந்த ஒரு தச்சர் கதவுக்கு நீளமான மரப்பிடி போட்டுத் தந்தார். முரட்டுக் கம்பளியை நாலாக மடித்து அவள் கையுறை தைத்துவந்தாள். விளக்கு ஏற்றும் முன் வெறுங்கை, ஏற்றியபின் உறை என்று ஒரு வழக்கம் வைத்தார்கள். உறையோடு பழக அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது.

முதல் படத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில், ஜன்னல்களைப் போர்வையால் மூடி, மத்தியானத்திலேயே போட்டார்கள்.

"நீங்க முன்னால போயி உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்" என்றான் மலையாண்டி.

அவள் பெண்களோடு பாயில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பூமயில் என்பவள் பதினோரு வருடமாக இல்லத்தின் வாசலைத் தாண்டியதில்லையாம். திரையில் ரயில் வந்ததும் சேதுலட்சுமியின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பாதியில் பிலிம் அறுந்தது. கூடம் இருண்டது. உடனே எல்லாக் கொட்டகைகளிலும் கேட்கிற அதே விசில், அதே கூச்சல். சேதுலட்சுமி பதறிப் பாதி எழுந்துவிட்டாள்.

"சத்தம் போடாதீகப்பா! ஒட்டிக்கிட்டிருக்கேன்ல!" என்று பின்னாலிருந்து மலையாண்டி அதட்டினான். அந்தக் குரலில் எரிச்சலும் பெருமையும் சரிபாதியாக இருந்தன. அவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.